மைக் ஆஃப் ஆனதுக்கு அப்புறம் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

கொருக்குப்பேட்டைல இருந்து எழுதுறேன். நீங்க எழுதுறத ரொம்ப நாளா படிக்கிறேன், உங்களுக்கு எழுதுறது இதான் மொத தடவ. போன ஞாயித்துக்கிழம தண்டையார்பேட்டைல அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட்டாங்களே, அதுக்கு நீங்களும் வந்துருந்தீங்க, லேடீஸ் பக்கம் முன்னாடி உக்காந்துருந்தத பாத்தேன், கூட்டத்துல வந்து பேச முடியல.

அந்தத் தெருவுல நாடகம் நின்னு 16 வருஷம் ஆச்சு. திரும்பப் போடுறாங்கன்னு நோட்டீஸ் பாத்ததுலருந்து எங்க நைனாவுக்கு தூக்கமே இல்ல. அவருக்கு 74 வயசு, ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு, இப்ப காது சரியா கேக்காது. அந்தக் காலத்துல ஆடி மாசம் ஆனா மதுரப் பக்கத்துலருந்து ஒரு ராஜபார்ட், அதான் கதாநாயகன் வேஷம் கட்டுறவரு, வருவாரு, நைனா அவர் மேல உசுரா இருப்பாரு, மேடை ஏறிப் போயி அவர் சட்டைல பத்து ரூபா நோட்ட ஊக்கு போட்டுக் குத்திட்டு வந்து அந்த வாரம் பூரா அதே பேச்சுதான். அந்த ராஜபார்ட் இப்ப உயிரோட இல்ல.

இந்த தடவ ராஜபார்ட்டா வந்தது நம்ம ஏரியா பொண்ணு. வேடன் வேஷத்துல மீசையோட வந்ததும் பின்னாடி பசங்க சிரிச்சாங்க, விசில் அடிச்சாங்க, ஒருத்தன் சினிமா ஹீரோ பேரச் சொல்லிக் கத்துனான். என் பக்கத்துல இருந்தவரு "பொம்பள முருகனா, காலம் கெட்டுப் போச்சு"ன்னாரு. இன்னொரு பக்கம் பாத்தா லேடீஸ் எல்லாம் அந்தப் பொண்ணு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே கை தட்டுறாங்க. எனக்கு ரெண்டுமே புடிக்கல. குரல் கீச்சுனு இருந்துச்சு, தாளம் இல்லாம பாடுற விருத்தத்துல ஒரு எடத்துல ஒடஞ்சு போச்சு, தர்க்கத்துல வள்ளி கேட்ட கேள்விக்கு பதில் வராம நின்னுச்சு. ஒம்பதரைக்கு நைனா எழுந்துட்டாரு, "அந்த மனுசன் கொரலு வர்லடா"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைலருந்து நாடகத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. மறுநாள் அந்தக் குரல் ஒடஞ்ச எடத்த மட்டும் யாரோ கிளிப்பா வெட்டி தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட, ஒரே சிரிப்பு ஸ்மைலி.

நம்ம ஏரியா பொண்ணுங்கறதுக்காக கை தட்டணுமா அக்கா? சரியான ராஜபார்ட் இல்லாம இந்த நாடகத்த திரும்பக் கொண்டு வந்து என்ன ஆகப் போவுது? மனசுல பட்டத எழுதிட்டேன், தப்பா இருந்தா மன்னிக்கணும்.

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

*

தம்பிக்கு வணக்கம்.

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். ஒம்பதரைக்கு முன் வரிசைலருந்து ஒரு பெரியவர் எழுந்து போனத நான் பாத்தேன், வெள்ள சட்ட, தோள்ல துண்டு, ஒருத்தர் கையப் புடிச்சு சேருங்களுக்கு நடுவுல வழி பண்ணி கூட்டிட்டுப் போனாரு, அது நீங்கதான்னு இப்பதான் தெரியுது. அந்தப் பெரியவர் யாருன்னு என்கிட்ட ஒருத்தங்க கேட்டாங்க, அப்ப எனக்குத் தெரியல. அதுக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல அந்த சிரிப்பு. எனக்கும் அது சுருக்குனு தச்சுது. எனக்குப் பின்னாடி ஒரு அம்மா, மடில தூங்குற கொழந்த, "இன்னாடி இது, நம்ம சந்துப் பொண்ணு மீச வெச்சிகினு வருது"ன்னு பக்கத்துல இருந்தவங்க தொடைல தட்டி சிரிச்சாங்க. அவங்களுக்கு அந்தப் பொண்ண சின்னதுலருந்து தெரியும், தண்ணி லாரி வந்தா கொடத்தோட ஓடி வர்ற பொண்ணு, ரேஷன் கடைல அம்மாவுக்கு இடம் புடிச்சு நிக்கிற பொண்ணு, அது சரிகை உடுப்பும் வில்லுமா வந்து நின்னா சிரிப்பு வரத்தான் செய்யும் தம்பி. உங்க நைனாவோட ராஜபார்ட் மதுரப் பக்கத்துலருந்து பஸ்ல வந்து எறங்குவாரு, அரிதாரம் பூசுவாரு, மேடை ஏறுவாரு, விடியக்காலைல பஸ் புடிச்சுப் போய்டுவாரு, அவரு பல்லு வெளக்குறத இந்தத் தெரு பாத்ததே இல்ல, அதனால அவர் வந்து நின்ன ஒடனே எல்லாருக்கும் முருகன் தெரிஞ்சாரு. இந்தப் பொண்ணுக்கு மொதல்ல சந்துப் பொண்ணு கண்ணுலருந்து மறையணும், அப்புறம்தான் முருகன் வரணும். சொந்தத் தெருவுல ராஜபார்ட் கட்டுறது வெளியூர்ல கட்டுறத விட ரெட்டிப்பு கஷ்டம்.

"பொம்பள முருகனா"ன்னு கேட்டவருக்கு நான் கோவமா பதில் சொல்லப் போறதில்ல, அவர் பாத்தது அவ்ளோதான். ஆனா இந்த நாடகமேடைல யார் யாரா வேஷம் கட்டுனாங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பாக்கணும். இப்பவும் மேடைல பாடுற வள்ளி திருமணத்துக்கு உருவம் குடுத்தது சங்கரதாஸ் சுவாமிகள், அவர் 1918-ல மதுரைல ஆரம்பிச்ச தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா முழுக்க முழுக்க பையங்க கம்பெனி, அதுல வள்ளி, தெய்வானை, அல்லி, எல்லாமே பையங்கதான். அந்தக் கம்பெனில சின்னப் பையனா சேந்து வளந்த டி.கே. சண்முகம் பின்னாடி ஔவையாரா வேஷம் கட்டி ஔவை சண்முகம்னே பேர் வாங்குனாரு. இந்தப் பக்கம் பாருங்க, கே.பி. சுந்தராம்பாள் 1935-ல வந்த நந்தனார் படத்துல நந்தனாராவே நடிச்சாங்க, அதுக்கு அவங்களுக்கு ஒரு லட்ச ரூபா சம்பளம், அந்தக் காலத்துல நெனச்சே பாக்க முடியாத தொகை. அதுக்கும் முன்னாடி 19-ம் நூற்றாண்டு கடைசியிலயே கும்பகோணத்துல பாலாமணி அம்மாள் பொம்பளைங்கள மட்டும் வெச்சு ஒரு நாடகக் கம்பெனி நடத்தி ஊரையே கட்டிப் போட்டாங்க. கெழவி வேஷத்துல ஆம்பளையும் நந்தன் வேஷத்துல பொம்பளையும் நின்னு சனங்க கண்ணு கலங்குன மேடை இது, அதுல இன்னைக்கு வந்து மீசையப் பாத்து நிக்கிறோம்.

இப்ப நீங்க சொன்ன கீச்சுக் குரல். இதுல நான் உங்களோட சண்ட போடுவேன், ஏன்னா இத நான் எங்க ஆயாகிட்டருந்து கேட்டு வளந்தவ. ஆயா கல்யாணம் ஆயி வந்த புதுசுல மின்ட்டு பக்கத்துலருந்து வால்டாக்ஸ் ரோடுக்கு நடந்தே போயி ஒத்தவாடை கொட்டகைல நாடகம் பாத்தவங்க. நீங்க சென்ட்ரல் பக்கத்துல அந்த ரோட்டுல எத்தனையோ தடவ போயிருப்பீங்க, பார்சல் லாரிங்க நிக்கிற ரோடு, ஒரு காலத்துல பெரிய பெரிய கம்பெனிங்க வந்து டேரா போட்டு நாடகம் நடத்துன எடம் அது. ஆயா சொல்லுவாங்க, தர டிக்கெட்டுலயும் கடைசி வரிசைலயும் உக்காந்தவனுக்கும் பாட்டு வந்து காதுல விழணும், இல்லன்னா கூட்டம் கல்லெடுக்கும்னு. மைக் கெடையாது. அதனாலதான் அந்தக் காலத்து ராஜபார்ட் ஆம்பளைங்க எல்லாம் நாலரை கட்டை, அஞ்சு கட்டைன்னு (கட்டைங்கறது சுதியோட அளவு, கட்டை ஏற ஏற சுதி ஒசரும்) ஒசரத்துல சுதி வெச்சுப் பாடுனாங்க, பேர் போன நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா அந்த ஒசரத்துல நின்னு விளையாடுனவரு. இன்னைக்கு ஒரு ஆம்பளையப் பாடச் சொன்னா ஒரு கட்டை, ஒன்றரை கட்டைல பாடுவாரு, அதுதான் ஆம்பளைங்களுக்கு சாதாரணமா வர்ற சுதி. அஞ்சு கட்டைங்கறது பொம்பளைங்களுக்கு இயல்பா வர்ற சுதி. அன்னைக்கு ஆர்மோனியக்காரர் அந்தப் பொண்ணுக்கு அஞ்சு கட்டைதான் வெச்சாரு, அவர்கிட்டயே கேட்டேன். நெனச்சுப் பாருங்க தம்பி, அந்தக் காலத்து ராஜபார்ட்டுங்க தொண்டையக் கிழிச்சுகிட்டுப் போய் நின்ன எடத்துல இந்தப் பொண்ணு சும்மா நின்னுட்டு இருக்குது. முருகன் வேஷத்துக்கு சுதி ஒண்ணும் மாறல.

அப்புறம் ஏன் கீச்சுனு கேட்டுச்சு? மேல பாத்தீங்களா, நாலு கம்பத்துலயும் குழாய் ஸ்பீக்கர். அது அறிவிப்பு சொல்றதுக்கு நல்லா இருக்கும், தூரம் போவும், ஆனா கீழ் சத்தத்த முழுங்கிட்டு நடு சத்தத்தையும் மேல் சத்தத்தையும் மட்டும் தள்ளும். அதுக்கு மேல மைக் செட்காரர் எக்கோவ வேற ஏத்தி வுட்டாரு. ஒசந்த சுதில ஒரு பொண்ணு பிர்கா, அதான் வேகமா உருட்டிப் பாடுற சங்கதி, போட்டா அது அந்தக் குழாய் வழியா வரும்போது தகரத்துல ஆணி கீறுன மாதிரிதான் வரும், யார் பாடுனாலும் அப்படித்தான். நைனாவுக்கு காது கேக்காதுன்னு எழுதியிருக்கீங்க, காது மந்தமானவங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் கஷ்டமா இருந்துருக்கும்.

ஆனா ஒண்ண ஒத்துக்குறேன். விருத்தத்துல குரல் ஒடஞ்சது நெசம், தர்க்கத்துல அது நின்னுட்டதும் நெசம். அத மறைச்சு நான் எழுதுனா அந்தப் பொண்ணுக்கு நான் நல்லது பண்ணல.

விருத்தம் ஏன் ஒடஞ்சுது? மூச்சு. மூச்சு ஏன் வாங்குச்சு? அவசரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்னாடி எல்லாம் நாடகம் ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் ஓடும். பபூன் வந்து ஒரு மணி நேரம் சிரிக்க வெப்பாரு, அப்புறம் பபூனும் டான்ஸும் சேந்து ஒரு காட்சி, அதுக்கப்புறம்தான் கதையே. வள்ளி கவண் எடுத்து ஆலோலம் பாடி பறவை வெரட்டி, நாரதர் வந்து வம்பு வளத்து, ராஜபார்ட் மேடைக்கு வரும்போது நடு ராத்திரி தாண்டிரும். ராஜபார்ட்டுக்கு ஒரு முழு ராத்திரி இருந்துச்சு, கூட்டத்துக்கும் அவர ஏத்துக்க ஒரு முழு ராத்திரி இருந்துச்சு. இப்ப 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லருந்து காலைல 6 வரைக்கும் தெருவுல ஸ்பீக்கர் வெக்கக்கூடாது. அந்த விதிய நான் குத்தம் சொல்லல, அந்தத் தெருவுலயே ஆஸ்பத்திரிலருந்து வந்த நோயாளி இருக்காங்க, பத்தாவது படிக்கிற புள்ள இருக்குது. ஆனா விடிய விடிய ஆட வேண்டிய நாடகத்த மூணு மணி நேரத்துல அடக்குறோம், அதுல அன்னைக்கு பொன்னாடை போத்துறதுக்கே முக்கால் மணி நேரம் போச்சு, எனக்கு வயிறு எரிஞ்சுது. மிச்சம் இருந்த நேரத்துல வேலன், வேடன், விருத்தன் (கெழவன்)னு மூணு வேஷம் மாத்தி, ஒவ்வொரு தடவையும் பின்னாடி ஓடிப் போயி உடுப்பு மாத்தி ஓடி வந்து, வந்த மூச்சோட விருத்தம் எடுத்தா எந்தக் குரல்தான் நிக்கும். விருத்தத்துக்கு தாளம் கெடையாது, மூச்சுதான் எல்லாம், அத நிதானமா வுட்டுப் பாடணும். அந்தப் பொண்ணு சைடுல நிக்கிற ஆளு வாட்ச்சக் காட்டுறத பாத்துகிட்டே பாடுச்சு, நான் பக்கத்துலருந்து பாத்தேன்.

தர்க்கம் இன்னும் பெரிய விசயம். வள்ளியா வந்தவங்க யாருன்னு கவனிச்சீங்களா, முப்பது வருஷமா ஸ்திரீபார்ட், அதான் கதாநாயகி வேஷம், கட்டுறவங்க, தெக்கத்திப் பக்கத்துலருந்து அன்னைக்கு மத்தியானம்தான் வந்து எறங்குனாங்க. ஸ்பெஷல் நாடகத்துல வழக்கம் அதான், ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, ஆர்மோனியம் ஒரு ஊரு, ஒத்திகை கெடையாது, மேடைலதான் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. பாட்டு மாறாது, கதை மாறாது, ஆனா நடுவுல வர்ற பேச்சு அன்னைக்கு யாருக்கு என்ன வருதோ அதான். "மான் இந்தப் பக்கம் வந்துச்சா"ன்னு வேடன் கேட்டா வள்ளி "எத்தன காலு மானு"ன்னு மடக்குவா, அங்கருந்து அவன் எடுத்துக் குடுக்கணும், அவ புடிச்சுக்கணும், அப்படியே மணிக்கணக்கா போவும். அன்னைக்கு அந்த அம்மா குறுக்க ஒரு கேள்விய வீசுனாங்க, பொண்ணுக்கு பதில் வரல, ஒரு அஞ்சாறு செகண்டு நின்னுச்சு. மேடைல அஞ்சு செகண்டுங்கறது கெணத்துல கல்லப் போட்டுட்டு சத்தத்துக்குக் காத்துட்டு இருக்குற மாதிரி. நீங்க பாத்தது அத. அதுக்கப்புறம் நடந்தத பாத்தீங்களா? அந்த அம்மா கவண வேற கைக்கு மாத்திகிட்டு அதே கேள்விய வேற மாதிரி, கொஞ்சம் லேசா, திரும்பக் கேட்டாங்க. பொண்ணு புடிச்சுகிச்சு. பதில் ஒண்ணும் பிரமாதம் இல்ல, ஆனா புடிச்சுகிச்சு. ஆர்மோனியக்காரர் தலைய ஆட்டி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, அந்தத் தொழில்ல அதுக்கு மேல சர்டிஃபிகேட் கெடையாது.

எனக்கு மனசுல ஓடுறது இதான். கிட்டப்பா 1933-ல செத்துப் போனப்ப அவருக்கு 27 வயசு. 27 வயசுலயே அவ்ளோ பேரு அவர் பின்னாடி போனாங்கன்னா காரணம் சாரீரம் மட்டும் இல்ல, பால்குடி மறந்த வயசுலருந்து மேடைல நின்னவரு, ராத்திரி ராத்திரியா ஜனங்க முகத்தப் பாத்துப் பாத்துப் பாடுனவரு. டி.கே. சண்முகம் அந்தப் பையங்க கம்பெனில சேரும்போது அவருக்கு ஆறு வயசு. அந்தக் கம்பெனிங்க புதுசா வந்த புள்ளைங்களுக்கு ராத்திரிகள குடுத்துச்சு தம்பி, ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி, இன்னைக்கு சொதப்புனா நாளைக்கு சரி பண்ணுன்னு குடுத்துச்சு. நம்ம பொண்ணுக்கு 24 வயசு, இது அதுக்கு மூணாவது மேடை. அடுத்த மேடை எப்பன்னு அதுக்கே தெரியாது. மூணாவது மேடைல நிக்கிறத கொண்டு போயி முப்பது வருஷம் பாடுன ஒரு மனுசனோட ஞாபகத்துக்குப் பக்கத்துல நிறுத்துறோம். அந்த மனுசனும் ஒரு நாள் மூணாவது மேடைல நின்னுருப்பாரு, அத நம்ம தெரு பாக்கல, வேற ஏதோ ஊரு பாத்து, சிரிச்சு, பொறுத்துகிட்டு, திருத்தி, நம்மகிட்ட அனுப்பி வெச்சுது.

வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே கை தட்டுனாங்கன்னு கேட்டீங்களே, அது பாசம், பாட்டுக்கு வுழுந்த தட்டு இல்ல. நீங்க சொல்றது சரிதான், அதுல நான் உங்க பக்கம். எட்டு மணிக்கு வுழுந்த கைதட்டலும் எட்டேகாலுக்கு வந்த சிரிப்பும் ரெண்டுமே பாட்டக் கேட்டு வந்தது கெடையாது. பாட்டக் கேட்டு வந்தது பத்து மணிக்கு மேலதான், அப்ப நீங்க வீட்டுக்குப் போய்ட்டீங்க.

சரியா பத்து மணிக்கு ரெண்டு போலீஸ்காரங்க வந்தாங்க, மரியாதையாதான் சொன்னாங்க, மைக்க நிறுத்திடுங்கன்னு. கதைல முருகன் கெழவனா வந்து வள்ளிகிட்ட தேனும் தினைமாவும் வாங்கித் தின்னுட்டு விக்கல் எடுத்து தண்ணி கேக்குற எடம். யானை வரல, கல்யாணம் ஆகல. விழாக்காரங்க கைய பெசஞ்சுகிட்டு நின்னாங்க, மங்களம் பாடி முடிச்சுடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. மைக் செட்காரர் சுவிட்ச அமுக்குனாரு. அந்தக் குழாய் ஸ்பீக்கர் இரைச்சல் நின்னதும் தெரு அப்படியே ஒரு மாதிரி ஆச்சு, தூரத்துல ரயில் போற சத்தம் கேக்குது, யார் வீட்டுலயோ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது. பின்னாடி நின்ன ஒரு கூட்டம் "கேக்கல, கேக்கல"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுச்சு, பசங்க பைக்க எடுத்துட்டாங்க. அப்ப அந்தப் பொண்ணு தாடிய லேசா எறக்கி வுட்டுட்டு, கைத்தடியோட மேடை விளிம்புக்கு வந்து நின்னுச்சு. ஆர்மோனியக்காரர்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவர் அதே அஞ்சு கட்டைல சுதிய அமுக்கிப் புடிச்சாரு. மிருதங்கக்காரர் வாசிப்ப பாதியா கொறைச்சாரு.

அது பாடுச்சு. நான் என்னன்னு சொல்றது. விருத்தம்தான், மறுபடியும் விருத்தம், ஒடஞ்சு போச்சுன்னு எல்லாரும் சிரிச்ச அதே மாதிரி ஒண்ணு, இந்த தடவ அதுக்கு வாட்ச் காட்ட ஆள் இல்ல. மூச்ச வுட்டு, நின்னு, திரும்ப எடுத்து, மேல் ஷட்ஜத்துல, அதான் மேல் 'ஸ'வுல, போயி நின்னுச்சு, அங்கருந்து எறங்கவே மனசில்லாத மாதிரி நின்னுச்சு. ஆயா சொன்னது அப்பதான் எனக்கு வெளங்குச்சு, அம்பது வருஷமா கேட்ட கதை, அந்த ஒசரம் எதுக்குன்னு அன்னைக்குத்தான் ஒடம்புல பட்டுச்சு. நான் வேணும்னே எழுந்து பின்னாடி நடந்தேன், டீக்கடை வரைக்கும் போனேன், அங்கயும் வார்த்தை வார்த்தையா கேட்டுச்சு. டீ ஆத்துறவரு ஆத்துறத நிறுத்திட்டு நின்னாரு.

திரும்பி வந்து பாத்தா சேர் வரிசையே இல்ல. ஆளுங்க சேர தலைக்கு மேல தூக்கிட்டு முன்னாடி வந்துட்டாங்க, பாதிப் பேரு உக்காரவே இல்ல, மேடைக் கட்டைல சாஞ்சுகிட்டு நிக்கிறாங்க. எனக்குப் பின்னாடி தொடைல தட்டி சிரிச்ச அந்த அம்மா, கொழந்த முழிச்சுகிட்டு சிணுங்குது, அது வாயப் பொத்திகிட்டு அப்படியே ஆடிட்டு நிக்கிறாங்க. யாரும் கை தட்டல, போன தூக்குனவங்களும் ரொம்பக் கம்மி. பபூன் ரெண்டு கையையும் துதிக்கையா ஆட்டிட்டு யானையா வந்தாரு, சின்னப் புள்ளைங்க கத்துச்சு, வள்ளி ஓடி வந்து கெழவனக் கட்டிப் புடிச்சா, தாடி போயி முருகன் நின்னாரு, தாலி கட்டி முடிக்கும்போது மணி பத்து நாப்பது. கும்பிட்டு மங்களம் பாடுனதுக்கு அப்புறம் தட்டுனாங்க. ஒரு பாட்டி மேடை ஏறி இருபது ரூபா நோட்ட சுருட்டி அது கைல வெச்சு நெத்திய வழிச்சு திருஷ்டி கழிச்சாங்க. "பொம்பள முருகனா"ன்னு பேசுன மாதிரி ரெண்டு பெரியவங்க அப்பவும் தலைய ஆட்டிட்டேதான் போனாங்க, எல்லாரும் மாறிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்த நாப்பது நிமிசத்துக்கு கிளிப் கெடையாது. கிளிப் இருக்குறது அதுக்கு முன்னாடி ஒடஞ்ச நாலு நொடிக்கு. உங்க குரூப்ல அது வந்தா நீங்க ஒண்ணு பண்ணுங்க, நான் பத்தரை மணி வரைக்கும் இருந்தவங்கள கேட்டேன், இப்படி நடந்துச்சாம்னு ஒரு வரி எழுதுங்க. அந்தப் பொண்ணு அந்த குரூப்ல இல்லன்னு நெனைக்காதீங்க. அதோட சித்தப்பா இருக்காரு, அம்மா போன்ல அது ஓடுச்சு, அது பாத்துருச்சு.

இப்ப நான் சொல்லாம வெச்சத சொல்றேன். மறுநாள் சாயங்காலம் நான் அதப் பாக்கப் போனேன், வீட்டுல அரிதாரம் இன்னும் காதோரம் ஒட்டிட்டு இருக்குது, தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடிச்சுட்டு இருந்துச்சு. நான் கிளிப்பப் பத்திப் பேசப் போறேன்னு நெனச்சுப் போனா, அது கேட்டது வேற. "அத்த, முன் வரிசைல வெள்ள சட்ட போட்டுட்டு ஒரு தாத்தா இருந்தாரே, நான் முருகனா வந்ததுலருந்து கண்ண எடுக்காம பாத்துட்டு இருந்தாரு, அவரப் பாத்துதான் பாடிட்டு இருந்தேன், தர்க்கத்துக்கு அப்புறம் பாத்தா சேர் காலியா இருக்குது, நான் அவ்ளோ மோசமா பாடுனேனா"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாது கண்ணு, விசாரிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு உங்க கடிதம் வருது.

நான் அதுகிட்ட சொல்லிட்டேன், அவர் மோசம்னு எழுந்து போகல, காலமாயிட்ட ஒரு மனுசனோட குரலத் தேடி வந்தாரு, அது கெடைக்கல, அந்த வருத்தத்துல போய்ட்டாருன்னு. அது கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அந்த ராஜபார்ட் எந்தப் பாட்ட எப்படி எடுப்பாருன்னு தாத்தாவுக்கு ஞாபகம் இருக்குமா, கேட்டு சொல்லுவீங்களான்னு கேட்டுச்சு. கேட்டு எழுதுங்க தம்பி. ஒரு வாரமா பேசாம இருக்குற மனுசன் இதுக்கு வாயத் தொறப்பாருன்னு எனக்குத் தோணுது.

அடுத்த மாசம் காசிமேடு பக்கத்துல ஒரு கோயில்ல திரும்ப இதே நாடகம், இதே பொண்ணு. நான் போயி அங்க இருக்குறவங்ககிட்ட பேசிட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆரம்பிக்கிறாங்க, பொன்னாடை எல்லாம் மறுநாள். குழாய் ஸ்பீக்கர் வேணாம், ரெண்டு பாக்ஸ் போதும்னும் சொல்லியிருக்கேன், பாப்போம். நைனாவ கூட்டிட்டு வாங்க. மேடைக்கு முன்னாடி, ஆர்மோனியக்காரர் உக்கார்ற பக்கமா, ஸ்பீக்கருக்குத் தள்ளி, குரல் நேரா வந்து வுழுற எடத்துல ரெண்டு சேர் போட்டு வெக்கிறேன். அவர ஒரு பத்து ரூபா நோட்டும் ஊக்கும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, குத்துறதும் குத்தாததும் அவர் இஷ்டம்.

அன்புடன்,
அக்கா